மரச்சட்டச் சுவர், ஸ்டீல் சட்டச் சுவர்: ஃபோம் பலகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல் இல்லாமல், மரக்கால்களையோ மெல்லிய ஸ்டீல் கால்களையோ வரிசையாக நிறுத்தி, இருபுறமும் பலகை அடித்து எழுப்பும் சுவர்களைப் பற்றிய பக்கம் இது. இந்தச் சுவர்களுக்கு எடை குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் சுவரின் பெரும்பகுதி வெற்றிடம்தான். வெயிலையும் குளிரையும் தடுக்கும் பொறுப்பு முழுக்க நாம் வைக்கும் காப்புப் பொருளின் தலையில் விழுகிறது. எதை வாங்குகிறோம் என்பதைவிட அதை எங்கே வைக்கிறோம் என்பது பெரிய விஷயம். கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றியே வரும். ஸ்டட் என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் செங்குத்தாக நிற்கும் அந்தக் காலைத்தான் சொல்கிறேன்.

ஃபோம் பலகை என்றால் தெர்மோகோலா?

தெர்மோகோலும் அதில் ஒன்று. கட்டட வேலைக்கு வரும் கெட்டியான ஃபோம் பலகைகளை நான்கு குடும்பமாகப் பிரிக்கலாம்.

முதலாவது இ.பி.எஸ். எல்லோருக்கும் தெரிந்த வெள்ளைத் தெர்மோகோல்தான். கட்டடத்துக்கு வருவது பேக்கிங் பெட்டிக்குள் இருப்பதைவிட அடர்த்தியாக, ஒரு கன மீட்டருக்கு 15 முதல் 30 கிலோ வரை இருக்கும். உடைத்துப் பார்த்தால் மணி மணியாக உதிரும். கிராஃபைட் கலந்த சாம்பல் நிற வகையும் உண்டு. அது வெள்ளையைவிடக் கொஞ்சம் நன்றாகவே வெப்பத்தைத் தடுக்கும்.

இரண்டாவது எக்ஸ்.பி.எஸ். இதுவும் பாலிஸ்டைரீன்தான். ஆனால் உருக்கி, அச்சு வழியாகப் பிதுக்கி எடுப்பதால் மணிகள் தெரியாது, ஒரே சீராக இருக்கும். நீலம், இளஞ்சிவப்பு, பச்சை என்று நிறம் சேர்த்து விற்பார்கள். தண்ணீர் உறிஞ்சாது என்பது இதன் பலம். மண்ணைத் தொடும் இடம், அஸ்திவாரத்தை ஒட்டிய இடம் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

மூன்றாவது பி.ஐ.ஆர்., அதாவது பாலிஐசோசயனுரேட். மஞ்சள் கலந்த நுரை, பெரும்பாலும் இருபுறமும் அலுமினிய ஃபாயில் ஒட்டியிருக்கும். நான்காவது ஃபீனாலிக். நான்கிலும் ஒரே தடிமனுக்கு அதிகம் தடுப்பது இதுதான்; நொறுங்கும் தன்மையும் அதிகம்.

ஆர் மதிப்பு, லாம்ப்டா மதிப்பு என்கிறார்களே, எதைப் பார்த்து வாங்குவது?

லாம்ப்டா என்பது பொருளின் குணம்: வெப்பம் அதற்குள் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பது. குறைவாக இருந்தால் நல்லது. அலகு, மீட்டர்-கெல்வினுக்கு இத்தனை வாட். வெள்ளை இ.பி.எஸ். சுமார் 0.036 முதல் 0.038, சாம்பல் நிற இ.பி.எஸ். 0.031 அளவில், எக்ஸ்.பி.எஸ். 0.029 முதல் 0.036, ஃபாயில் ஒட்டிய பி.ஐ.ஆர். சுமார் 0.022, ஃபீனாலிக் 0.020 சுற்றி. ஒப்பிட்டுப் பார்க்க: ராக்வூல், கிளாஸ்வூல் (கல் இழை, கண்ணாடி இழைப் பஞ்சு) 0.032 முதல் 0.044. கட்டட மரம் 0.12 அல்லது 0.13. சாதாரண ஸ்டீல் 50. ஆமாம், ஐம்பது, புள்ளி எதுவும் விட்டுப்போகவில்லை.

ஆர் மதிப்பு என்பது நீங்கள் வாங்கும் அந்தத் தடிமனுக்கு உரிய தடுப்பு. தடிமனை மீட்டரில் எடுத்து லாம்ப்டாவால் வகுத்தால் கிடைத்துவிடும். 50 மி.மீ. பி.ஐ.ஆர். என்றால் 0.050-ஐ 0.022-ஆல் வகுக்க, 2.27. அதே தடுப்பு வெள்ளை இ.பி.எஸ்.-இல் வேண்டுமானால் 80 மி.மீ.க்கு மேல் போக வேண்டும்.

ஒரு குழப்பம் அடிக்கடி வரும். அமெரிக்கத் தயாரிப்புகளில் ஆர்-10, ஆர்-13 என்று பெரிய எண்கள் இருக்கும். அது அடி, ஃபாரன்ஹீட் கணக்கு. அதை 5.68-ஆல் வகுத்தால் மெட்ரிக் மதிப்பு வரும். ஆர்-10 என்பது மெட்ரிக்கில் 1.76 தான். இரண்டையும் கலந்து ஒப்பிட்டு ஏமாந்துவிடாதீர்கள்.

பலகையை ஸ்டட்களுக்கு நடுவே வைப்பதா, வெளியே போர்த்துவதா?

வெளியே. இடம் இருந்தால் எப்போதும் வெளியே. ஏன் என்று ஒரு கணக்கோடு காட்டுகிறேன், ஏனென்றால் இதை வாயால் சொன்னால் பலர் நம்புவதில்லை.

89 மி.மீ. ஆழமுள்ள மர ஸ்டட் வைத்த சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கால்கள், மேலும் கீழும் ஓடும் கட்டைகள், ஜன்னலைச் சுற்றி வரும் சட்டம் எல்லாம் சேர்ந்து சுவர்ப்பரப்பில் 15 சதவீதம் மரம் என்று வைப்போம். பல சுவர்களில் இதைவிடவும் அதிகமாகவே இருக்கும். நடுவில் ராக்வூல் நிரப்பினால் அந்த இடத்தில் ஆர் 2.5. மரம் இருக்கும் இடத்தில் வெறும் 0.74. இரண்டையும் பரப்பளவுக்கு ஏற்பச் சேர்த்தால் அந்த அடுக்கின் உண்மையான ஆர் சுமார் 1.8. கால் பங்குக்கு மேல் மரத்தின் வழியாகவே போய்விட்டது.

சரி, ராக்வூலுக்குப் பதிலாக விலை கூடிய பி.ஐ.ஆர். பலகையை வெட்டி அதே 89 மி.மீ. முழுக்க நிரப்புவோம். அந்த இடத்தில் ஆர் 4.05 ஆகிவிடும். ஆனால் மரம் அதே மரம். மொத்தமாகப் பார்த்தால் 2.4 தான் வருகிறது. வாங்கிய தடுப்பில் ஐந்தில் இரண்டு பங்கு கைக்கு வரவே இல்லை.

இப்போது மூன்றாவது வழி. நடுவில் அதே ராக்வூல், வெளியே 25 மி.மீ. பி.ஐ.ஆர். மட்டும். வெளியே போர்த்தும் பலகை ஸ்டட்டின் முதுகையும் சேர்த்து மூடுவதால் அதன் ஆர் 1.14 அப்படியே கூடுகிறது. மொத்தம் 3. அதாவது கால் பங்கு தடிமனுள்ள பலகை, வைத்த இடம் சரியாக இருந்ததால், முழுத் தடிமனை ஜெயித்துவிட்டது. அதையே 50 மி.மீ. ஆக்கினால் 4-ஐத் தாண்டும்.

விரிசல், இடைவெளி இவற்றையெல்லாம் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் நடுவே வெட்டி வைத்த பலகையின் நிலைமை இன்னும் மோசம்.

ஸ்டீல் சட்டத்துக்கும் இதே கணக்கா?

இல்லை, அங்கே நிலைமை பல மடங்கு கடுமை. ஸ்டீல் மரத்தைவிட சுமார் 400 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லையே, அது என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் வெளிப்பக்கத் தகட்டுப்பட்டை வெப்பத்தை வாங்கி, நடுத்தகடு வழியாக உள்பக்கப் பட்டைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஜிப்சம் போர்டு முழுக்கப் பரப்பிவிடும்.

ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் 90.1 தரநிலையில் இதற்கு அட்டவணையே இருக்கிறது. 3.5 அங்குல ஸ்டீல் ஸ்டட், 16 அங்குல இடைவெளி, நடுவே ஆர்-13 காப்பு: உண்மையில் கிடைப்பது ஆர்-6. பாதிக்கும் குறைவு. 6 அங்குல ஸ்டட்டில் ஆர்-19 போட்டாலும் கிடைப்பது ஆர்-7.1 தான். ஆழத்தைக் கூட்டி, காப்பைக் கூட்டி, கடைசியில் கூடுதலாகக் கையில் நின்றது ஒன்றுக்குச் சற்றே அதிகம்.

இதைக் கருவி இல்லாமல் கண்ணாலேயே பார்க்கலாம். குளிர் பிரதேசத்தில், வெளிப்போர்வை இல்லாத ஸ்டீல் சட்டச் சுவரின் உள்பக்கத்தில் சில வருடம் கழித்து 40 அல்லது 60 செ.மீ.க்கு ஒன்றாகச் செங்குத்தாக மங்கலான சாம்பல் கோடுகள் தெரியும். ஒவ்வொரு ஸ்டட்டுக்கு நேராகவும் ஒரு கோடு. அந்த இடத்தில் ஜிப்சம் போர்டு குளிர்ந்து லேசான ஈரம் பிடிக்கிறது, அதில் அறைத் தூசி ஒட்டிக்கொள்கிறது. ஸ்க்ரூ தலை இருக்கும் இடத்தில் கோட்டுக்குள் இன்னும் கருப்பாக வட்டப் புள்ளிகள். பெயின்ட் அடித்தாலும் திரும்ப வரும், ஏனென்றால் காரணம் சுவருக்குள் இருக்கிறது.

ஆகவே ஸ்டீல் சட்டம் என்றால் வெளிப்போர்வையைக் கட்டாயம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் காப்பும் சட்டத்துக்கு வெளியே இருப்பது மிகச் சிறந்தது. நடுவிலும் வெளியிலும் பிரித்து வைப்பதானால் மொத்தத் தடுப்பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது வெளியே இருக்கட்டும்.

சட்டத்துக்கு நடுவே பலகை வெட்டி வைப்பது என்று முடிவாகிவிட்டது. எப்படிச் செய்வது?

மரச்சட்டம் என்றால் கவனமாகச் செய்தால் முடியும். ஸ்டட் இடைவெளியை மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பலகையை இருபுறமும் 5 மி.மீ. குறைத்து வெட்டி, நடுவில் நிறுத்தி, சுற்றிலும் பாலியூரித்தேன் ஃபோம் ஸ்ப்ரே அடித்து நிரப்புவது, இறுக்கமாகத் திணிப்பதைவிட நல்லது. திணித்த பலகை அன்றைக்குப் பார்க்கப் பொருத்தமாக இருக்கும். மரம் காய்ந்து சுருங்கியதும் ஓரத்தில் கோடு விழும். அந்தக் கோட்டின் வழியாகக் காற்று பலகைக்கு முன்னும் பின்னும் சுற்ற ஆரம்பித்தால் பலகை இருந்தும் இல்லாத மாதிரிதான். ஸ்ப்ரேயில் குறைவாக உப்பும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டீல் ஸ்டட்டில் இதைச் செய்யாதீர்கள். அதன் குறுக்குவெட்டு ஆங்கில ‘சி’ எழுத்து வடிவம். ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் திறந்து, ஓரத்தில் சிறு மடிப்பும் இருக்கும். கெட்டியான பலகை அந்த மடிப்பைத் தாண்டி வயிற்றுக்குள் போகாது. ஒவ்வொரு ஸ்டட்டிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு வெற்றுக்குழாய் மிஞ்சும். அந்த வயிற்றை ராக்வூல் அல்லது கிளாஸ்வூல் தானாக நிரப்பிவிடும். வளைந்து கொடுக்கும் பொருள் சட்டத்துக்கு நடுவே, வளையாத பொருள் சட்டத்துக்கு வெளியே: மர வேலைக்கும் சரி, ஸ்டீல் வேலைக்கும் சரி, நான் சொல்லும் யோசனை இதுதான்.

வெளியே எவ்வளவு தடிமன் போட வேண்டும்? 25 மி.மீ. போதாதா?

குளிர் இல்லாத ஊரில் 25 போதலாம். குளிர் பிரதேசத்தில், தடிமன் குறைந்தால் மின்கட்டணம் மட்டும் அல்ல, சுவரே கெடலாம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், அந்தக் காற்று சுமார் 9 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் வியர்த்துவிடும். வெளியே 0 டிகிரி. மேலே சொன்ன ராக்வூல் சுவரில், சட்டத்தின் வெளிப்பக்கம் அடித்த ஓ.எஸ்.பி. பலகையின் (மரச்சில்லுகளை ஒட்டி அழுத்திய பலகை) உள்முகம் எத்தனை டிகிரியில் இருக்கும்?

வெளிப்போர்வையே இல்லை என்றால் ஒன்றரை டிகிரிக்கும் கீழே. 25 மி.மீ. பி.ஐ.ஆர். போட்டால் ஆறரை. 50 போட்டால் ஒன்பதரை, விளிம்பில் நிற்கிறது. 75 போட்டால் பதினொன்றைத் தாண்டிவிடும்.

இதில் 25 மி.மீ.யைக் கவனியுங்கள். அந்த முகம் இன்னும் வியர்க்கும் அளவுக்குக் குளிராகவே இருக்கிறது. ஆனால் வெளியே ஃபாயில் பலகை அடைத்துவிட்டதால் அந்த ஈரம் வெளியே காய்ந்து போகவும் வழியில்லை. வெறும் சுவரைவிடச் சில சமயம் இது ஆபத்து. குளிர்காலம் முழுக்க மெல்ல மெல்ல ஈரம் ஏறி, பலகை கருத்து, பூஞ்சை பிடித்து, வெளியே எதுவும் தெரியாமல் உளுத்துப்போகும். அதனால்தான் பல நாடுகளின் கட்டட விதிகள், ஊர் எவ்வளவு குளிரோ அதற்கு ஏற்ப வெளிப்போர்வைக்கு ஒரு குறைந்தபட்ச ஆர் மதிப்பைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஸ்டட்டின் ஆழம் கூடினால் வெளித்தடிமனும் கூட வேண்டும். உள்ளே காப்பு அதிகமாக அதிகமாக, வெளிப்பலகைக்கு அறையின் சூடு போய்ச் சேராது அல்லவா.

பட்ஜெட் இடிக்கிறது என்றால் நடுவில் உள்ள காப்பைக் குறைத்தாவது வெளித்தடிமனைக் காப்பாற்றுங்கள்.

வெப்பமும் புழுக்கமும் அதிகமுள்ள இடத்தில்?

அங்கே ஈரம் எதிர்த்திசையில் பயணிக்கும். வெளியே சூடான ஈரக்காற்று, உள்ளே ஏ.சி. ஓடும் குளிர்ந்த அறை. நீராவி வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கும். ஃபாயில் ஒட்டிய பலகையை வெளியே போர்த்தி, இணைப்புகளை டேப் ஒட்டி மூடினால் அது வாசலிலேயே தடுத்துவிடும். அந்த விதத்தில் இந்த ஊர்களுக்கு வெளிப்போர்வை இன்னும் பொருத்தமான ஏற்பாடு.

உள்பக்கத்தில் மட்டும் எதையும் அடைக்காதீர்கள். வினைல் வால்பேப்பர் ஒட்டிய ஏ.சி. அறைகளில், பேப்பரை உரித்தால் பின்னால் முழுக்கக் கரும்பூஞ்சை இருப்பது இதனால்தான். வெளியிலிருந்து வந்த ஈரம் குளிர்ந்த வால்பேப்பரின் முதுகில் போய் நின்றுவிடுகிறது.

உள்பக்கம் பாலித்தீன் ஷீட் போடச் சொல்கிறார்களே?

வெளியே ஃபாயில் பலகையோ தடித்த எக்ஸ்.பி.எஸ்.-ஸோ இருந்தால் வேண்டாம். இரண்டு பக்கமும் அடைத்த சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும், ஜன்னல் ஓரத்திலிருந்தோ குழாயிலிருந்தோ, அது வெளியே வர வழியில்லை. சுவர் ஏதாவது ஒரு பக்கம் காய வேண்டும். வெளியே அடைத்தால் உள்ளே திறந்து விடுங்கள். ஜிப்சம் போர்டும் சாதாரண பெயின்ட்டும் போதுமான அளவு சுவாசிக்கும். கட்டாயம் வேண்டும் என்று விதி சொன்னால், ஈரத்துக்கு ஏற்பத் திறந்து மூடும் மெல்லிய படலங்கள் கிடைக்கின்றன, அதைப் போடலாம்.

மழைநீர் எங்கே போகும்?

கிளாடிங்குக்கு, அதாவது சுவரின் கடைசி வெளிமுக அடுக்குக்கு, பின்னால் தண்ணீர் போகத்தான் செய்யும். போகாது என்று நம்பிக் கட்டிய சுவர்தான் முதலில் கெடும். அதை எந்த அடுக்கு தடுத்துக் கீழே இறக்குகிறது என்று வேலை தொடங்கும் முன்பே தீர்மானியுங்கள். ஒன்று, ஓ.எஸ்.பி. மேல் ஒட்டிய நீர்த்தடுப்புத் தாள், அதன் மேல் ஃபோம். அல்லது, டேப் ஒட்டிய ஃபோமின் வெளிமுகமே அந்த வேலையைச் செய்யலாம். இரண்டுமே நடக்கும். ஆனால் ஜன்னலைச் சுற்றி மடிக்கும் ஃபிளாஷிங் (நீர் புகாமல் தடுக்கும் பட்டை) எந்த அடுக்கைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதோடு சேர வேண்டும். தாள் ஃபோமுக்குப் பின்னால், ஃபிளாஷிங் ஃபோமுக்கு முன்னால் என்று ஆளுக்கு ஒரு பக்கம் நின்றால் ஜன்னல் மூலையில் கட்டாயம் ஒழுகும்.

எனக்குப் பிடித்தது தாளை உள்ளே வைப்பது. டேப் வருடக்கணக்கில் வெயில், குளிர் பட்டு விரிந்து சுருங்கும். தாள் ஃபோமுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும்.

எப்படிப் பொருத்துவது? ஃபோம் மேல் கிளாடிங் தொங்குமா?

தொங்கும். ஃபோமை முதலில் அகலத் தலை ஆணியால் தற்காலிகமாக நிறுத்தி, ஒவ்வொரு ஸ்டட்டுக்கு நேராகவும் வெளியே ஒரு ரீப்பரை வைத்து, நீளமான ஸ்க்ரூவால் ரீப்பர், ஃபோம் இரண்டையும் துளைத்து ஸ்டட்டில் இறுக்குங்கள். கிளாடிங் ரீப்பரில் ஏறும். கிளாடிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி தண்ணீர் வடியவும் காற்று ஓடவும் உதவும்.

ஸ்க்ரூ நீளத்தைக் கூட்டிப் பாருங்கள்: ரீப்பர் 20, ஃபோம் 50, ஓ.எஸ்.பி. 11, மரத்துக்குள் இறங்க வேண்டியது குறைந்தது 35 முதல் 40. ஆக 120 மி.மீ. ஸ்க்ரூ. ஸ்டீல் ஸ்டட் என்றால் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ. தகட்டைத் துளைத்து மறுபக்கம் மூன்று புரியாவது வெளியே தெரிய வேண்டும். ஸ்க்ரூ ஸ்டட்டைத் தவறவிட்டால் அதை அப்படியே விட்டுவிடாமல் எடுத்து, ஓட்டையை அடையுங்கள். வெறும் ஃபோமில் நிற்கும் ஸ்க்ரூ எதையும் தாங்காது, குளிரை மட்டும் உள்ளே கொண்டுவரும்.

கனமான கல் கிளாடிங், உயரமான கட்டடம், புயல் அடிக்கும் கடற்கரை என்றால் ஸ்க்ரூவின் அளவையும் இடைவெளியையும் பொறியாளர் கணக்குப் போட்டுத் தரட்டும்.

ஒரே தடித்த பலகையா, இரண்டு அடுக்கா?

இரண்டு அடுக்கு. முதல் அடுக்கின் இணைப்பு மேல் இரண்டாவது அடுக்கின் நடுப்பகுதி வரும்படி மாற்றி அடியுங்கள். 2.4 மீட்டர் நீளத் தெர்மோகோல் பலகை 40 டிகிரி வித்தியாசத்தில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கக்கூடும். ஒற்றை அடுக்கில் அந்த விரிசல் நேராக ஓ.எஸ்.பி. வரை திறக்கும். இரண்டு அடுக்கில் ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும். கூலி சற்றுக் கூடும்; அதற்குத் தகுதியான செலவு.

ஃபோம்தான் கெட்டியாக இருக்கிறதே, பிளைவுட்டை விட்டுவிடலாமா?

கூடாது. பிளைவுட், ஓ.எஸ்.பி. பலகைகள் காற்றையும் நிலநடுக்கத்தையும் எதிர்த்துச் சட்டத்தைச் சாய்ந்துவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. ஃபோமுக்கு அந்த வலு கிடையாது. பிளைவுட் வேண்டாம் என்றால் மூலைவிட்டமாக இரும்புப் பட்டையோ வேறு தாங்கலோ பொறியாளர் வரைந்து கொடுத்தபடி இருக்க வேண்டும்.

தீப்பிடித்தால்?

இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த நான்கு ஃபோமும் எரியக்கூடிய பொருள்கள்தான். எரியும் விதம் மட்டும் மாறும்.

இ.பி.எஸ்., எக்ஸ்.பி.எஸ். இரண்டும் 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகி, பின்பு உருகிச் சொட்டும். சொட்டு எரிந்துகொண்டே விழும். தீத்தடுப்பு ரசாயனம் கலந்தது சின்னத் தீயில் தானாக அணையலாம், பெரிய தீயில் அது நிற்காது. பி.ஐ.ஆர்., ஃபீனாலிக் உருகாது. மேலே கரி படிந்து அந்தக் கரியே கொஞ்ச நேரம் தடுக்கும். ஆனால் பி.ஐ.ஆர். எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும்.

2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் நடந்த தீயில் 72 பேர் இறந்தார்கள். தீ சுவரேறிப் பரவியதற்கு முதல் காரணம் பாலித்தீன் உள்ளடக்கிய அலுமினிய கிளாடிங் தகடுகள் என்று விசாரணை சொன்னது. அதற்குப் பின்னால் இருந்த ஃபோம் காப்பும் தீ பரவத் துணைபோனது. அடுத்த ஆண்டு டிசம்பர் முதல் இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புக் கட்டடங்களின் வெளிச்சுவரில் எரியும் பொருள்களுக்குத் தடை வந்தது.

என் கருத்து இது: மாடிகள் அடுக்கிய உயரமான குடியிருப்பு என்றால் ஃபோமை மறந்துவிட்டு வெளியே அடர்த்தியான ராக்வூல் பலகை போடுங்கள். அதுவும் கெட்டியாக வருகிறது, அதுவும் ஸ்டட்டை மூடுகிறது, எரியாது. தடிமன் கூட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஓரிரு மாடி வீட்டுக்கு ஃபோம் போடலாம். ஆனால் அறைப்பக்கம் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டாவது மூடியிருக்க வேண்டும், வெறும் ஃபோம் எங்கேயும் கண்ணில் படக் கூடாது. கிளாடிங்குக்குப் பின்னால் உள்ள இடைவெளி புகைபோக்கி போலத் தீயை மேலே இழுக்கும் என்பதால், ஒவ்வொரு மாடி மட்டத்திலும் ஜன்னலைச் சுற்றியும் அதைத் துண்டிக்கும் தீத்தடுப்புப் பட்டை வேண்டும். வேலை நடக்கும்போது வெல்டிங், கட்டிங் பொறி ஃபோம் அடுக்கின் பக்கமே வரக் கூடாது.

ஃபாயில் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்கிறார்கள். உண்மையா?

ஃபாயிலுக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால் உண்மை. 25 மி.மீ. மூடிய இடைவெளி ஒன்று சாதாரணமாக ஆர் 0.18 தரும், ஒரு பக்கம் பளபளப்பான ஃபாயில் இருந்தால் அது 0.6 அளவுக்கு உயரும். ஃபாயில் மேல் நேராக ஜிப்சம் போர்டு ஒட்டிவிட்டால் இந்த லாபம் பூஜ்யம். தூசி படிந்தாலும் குறையும்.

வருடம் போகப் போகத் தடுப்பு குறையுமா?

தெர்மோகோலில் பெரிதாகக் குறையாது. அதன் நுண்ணறைகளில் இருப்பது கிட்டத்தட்ட வெறும் காற்று. பி.ஐ.ஆர்., எக்ஸ்.பி.எஸ். இரண்டிலும் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும் வாயுவை அடைத்து வைத்திருப்பார்கள். அது மெல்ல வெளியேறும், காற்று உள்ளே வரும். ஐரோப்பிய முறையில் பி.ஐ.ஆர். பலகையில் அச்சிடும் மதிப்பு 25 வருடச் சராசரியை ஒட்டிக் கணக்கிட்டது, அதனால் லேபிளை நம்பலாம். ஃபாயில் முகம் வாயு வெளியேறுவதை வெகுவாகத் தாமதப்படுத்தும்.

கடுங்குளிர் இடங்களில் பி.ஐ.ஆர். லேபிளில் உள்ளதைவிடக் குறைவாகத் தடுக்கும். உள்ளே இருக்கும் வாயு குளிரில் திரவமாக ஆரம்பிப்பதே காரணம். அங்கே பி.ஐ.ஆர். உள்ளடுக்கு, இ.பி.எஸ். வெளியடுக்கு என்று கலந்து போடுவது நல்ல யோசனை.

அந்த வாயுவைப் பற்றி இன்னொன்று. பழைய எக்ஸ்.பி.எஸ். பலகைகளில் பயன்பட்ட ஹெச்.எஃப்.சி.-134ஏ, கார்பன் டை ஆக்சைடைப் போல 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். இந்த வகை வாயுக்களைக் குறைக்க நாடுகள் 2016-இல் எட்டிய கிகாலி உடன்பாட்டுக்குப் பிறகு உற்பத்தியாளர்கள் பூமியை மிகக் குறைவாகச் சூடாக்கும் ஹெச்.எஃப்.ஓ. வகைக்கு மாறி வருகிறார்கள். எக்ஸ்.பி.எஸ். வாங்கினால் எந்த வாயு என்று கேளுங்கள். இ.பி.எஸ்.-இலும் பி.ஐ.ஆர்.-இலும் பெரும்பாலும் பென்டேன்தான், அதில் இந்தப் பிரச்சினை குறைவு.

சத்தத்தைக் குறைக்குமா?

குறைக்காது. சில சமயம் சுவரோடு சேர்ந்து அதிர்ந்து கூட்டவும் செய்யும். சத்தம்தான் தொல்லை என்றால் ராக்வூலும் இரட்டை ஜிப்சம் போர்டும்.

கரையான்?

ஃபோமைத் தின்னாது, ஆனால் அதற்குள் சுரங்கம் போட்டு யார் கண்ணிலும் படாமல் மரத்தை அடையும். தரையிலிருந்து குறைந்தது 150 மி.மீ. உயரத்துக்கு ஃபோம் இல்லாமல் விடுங்கள், அந்தப் பட்டையைச் செடி கொடி மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறினால் மண்தடம் தெரிந்துவிடும்.

வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் ஏதாவது எச்சரிக்கை?

50 மி.மீ. வரை கூர்மையான கத்தியால் கீறி உடைக்கலாம். அதற்கு மேல் நுண்பல் ரம்பம். சூடான கம்பியால் வெட்டுவது பாலிஸ்டைரீனுக்கு மட்டும், காற்றோட்டமான இடத்தில். பி.ஐ.ஆர். தூசி கண்ணையும் தொண்டையையும் அரிக்கும், முகக்கவசம் போடுங்கள். வாங்கிய பலகைகளை வெயிலில் போட்டு வைக்காதீர்கள். ஃபோம் மேல்பரப்பு மஞ்சளாகி மாவு மாதிரி உதிரும், அதன் மேல் டேப் பிடிக்காது.

பசை வாங்கும்போது ஃபோமுக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சால்வென்ட் கலந்த பசை பட்டால் தெர்மோகோலும் எக்ஸ்.பி.எஸ்.-ஸும் கண்ணெதிரே கரைந்து குழி விழும்.

மின்கம்பிகள் ஃபோமைத் தொடலாமா?

பி.வி.சி. உறை போட்ட கம்பி இ.பி.எஸ்., எக்ஸ்.பி.எஸ். இரண்டையும் நேரடியாகத் தொடக் கூடாது. உறையை வளைந்து கொடுக்க வைக்கும் ரசாயனம் மெல்ல ஃபோமுக்குள் இறங்கிவிடும். ஃபோம் பிசுபிசுக்கும், உறை விறைத்துப் பின்பு விரிசல் விடும். குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள். அப்புறம், எந்தக் காப்புப் பொருளானாலும் அதற்குள் முழுக்கப் புதைந்த கம்பி சூட்டை வெளியே விட முடியாது. அரை மீட்டருக்கு மேல் அப்படிப் போனால் அதன் மின்தாங்கு திறனைப் பாதியாகவே கணக்கில் எடுக்க வேண்டும். ஏ.சி., ஹீட்டர் லைன்களுக்கு எலக்ட்ரீஷியன் கம்பி அளவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, அது காப்புக்குள் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.